மூன்றாம் சுற்றை ஓடியவர்: லண்டன் தமிழ் விளையாட்டுக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் இயங்கும் தமிழ் விளையாட்டுக் கழகங்களினதும் பழைய மாணவர் சங்கங்களினதும் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

கோடைகால மெய்வல்லுநர் போட்டிகளுக்கான அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிட்டன. என் வீட்டு மேசையில் மட்டும் மூன்று கிடக்கின்றன. பிரதம விருந்தினர் யார், சிறப்பு விருந்தினர் யார், கௌரவ விருந்தினர் யார் என்று மூன்றிலும் விபரமாக இருக்கிறது. நான்கைந்து வருடங்களுக்கு முன்பு உங்கள் கிண்ணங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய், இப்போது ஓடுவதை நிறுத்திவிட்ட பிள்ளைகளின் பெயர் ஒன்றில்கூட இல்லை. இந்த மடல் அவர்களைப் பற்றியது. ஆனால் அவர்களிடம் வருவதற்கு முன், ஒரு வெள்ளைக்கார ஓட்டவீரரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

அவர் பெயர் கிறிஸ் சட்டவே. நமது சிவன் கோவில் இருக்கும் இதே லூயிஷமில், வடக்குத் தொகுதிக்கு 1959 முதல் 1966 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்.

1954 மே 6ஆம் திகதி, ஒக்ஸ்ஃபோர்டில் இஃப்லி வீதி ஓடுபாதையில், ரொஜர் பனிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் அவர். இது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்று காற்று பலமாக வீசியது. நான்கு சுற்றுகளில் முதல் இரண்டுக்கும் முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தவர் கிறிஸ் பிரஷர். அவர் களைக்கத் தொடங்கியதும் மூன்றாம் சுற்றில் முன்னுக்கு வந்து, கடைசிச் சுற்றின் பாதி வரைக்கும் அந்தக் காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஓடியவர்தான் சட்டவே. பிறகு பனிஸ்டர் அவரைத் தாண்டிப் போனார். சட்டவே இரண்டாவதாக வந்தார். படம் எல்லாம் பனிஸ்டருக்கு.

ஒரு மைல் ஓட்டத்தில் மூன்றாவது சுற்று எப்படி இருக்கும் என்று ஓடியவர்களுக்குத் தெரியும். தொடக்கத்தின் உற்சாகம் போய்விட்டிருக்கும், முடிவுக்கோடு இன்னும் கண்ணில் பட்டிருக்காது, பார்க்கிறவர்களும் கைதட்டுவதை நிறுத்தியிருப்பார்கள். அந்தச் சுற்றை இன்னொருவருக்காக ஓடிக் கொடுத்த மனிதர் பிற்காலத்தில் என்ன ஆனார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவர் தோற்றதையும் சொல்லவேண்டும். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக், 5000 மீற்றர் இறுதி ஓட்டம். கடைசிச் சுற்றில் அவர்தான் முன்னுக்கு நின்றார். கடைசி வளைவில் எமில் சட்டோபெக்கும் இன்னும் இருவரும் அவரைக் கடந்து போக, களைத்துப்போன சட்டவேயின் கால் ஓடுபாதையின் உள்விளிம்பில் தட்டி விழுந்தார். எழுந்து ஓடி ஐந்தாவதாக வந்தார். அதே ஹெல்சிங்கிக்கு இலங்கையில் இருந்து உயரம் பாயப் போயிருந்தார் யாழ் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்தவர் அவர். பாய்ந்து முடித்த பிறகு படித்து, கலாநிதிப் பட்டம் பெற்று, பல நாடுகளில் கல்விப் பணி செய்தார். பதக்கத்தை மாட்டி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவது நமக்கும் புதிதில்லை. ஆனால் நாம் அவரை நினைக்கும்போது அந்தப் பாய்ச்சலோடு நிறுத்திக்கொள்கிறோம். பின்னால் வந்த ஐம்பது வருட உழைப்பை யாரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

சட்டவேயிடம் திரும்ப வருகிறேன். 1954 ஒக்ரோபர் 13. லண்டன் வைட் சிற்றி மைதானத்தில் இரவு வெளிச்சத்தில் லண்டனுக்கும் மொஸ்கோவுக்கும் போட்டி. சோவியத்தின் விளாடிமிர் கூட்ஸ் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக எதிராளியைப் பிழிந்தெடுக்கும் ஓட்டக்காரர். சட்டவே விடவில்லை. கூட்ஸின் தோளோடு ஒட்டிக்கொண்டு 5000 மீற்றரும் ஓடி, கடைசி அடிகளில் முந்தினார். 13 நிமிடம் 51.6 செக்கன், உலக சாதனை. கூட்ஸுக்கும் அவருக்கும் இடைவெளி ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு. நாட்டு மக்கள் தொலைக்காட்சியில் அதை நேரடியாகப் பார்த்தார்கள். அந்த வருடக் கடைசியில் பிபிசி முதல் முறையாக மக்கள் வாக்கெடுத்து ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரரைத் தெரிவு செய்தபோது, நான்கு நிமிட மைல் ஓடிய பனிஸ்டரை விட்டுவிட்டுச் சட்டவேயைத்தான் தெரிவு செய்தார்கள்.

அந்த உலக சாதனை பத்து நாள்தான் நின்றது. கூட்ஸ் பிராக் நகரில் அதை உடைத்தார்.

பத்து நாள். அப்போது அவருக்கு வயது 23. நம் பிள்ளைகளும் பெரும்பாலும் அந்த வயதில்தான் ஓடுவதை நிறுத்துகிறார்கள். ஒருவருக்கு முழங்கால் போகும், இன்னொருவருக்கு வேலை கிடைக்கும், இன்னொருவருக்குக் கல்யாணம் பேசுவார்கள். அதோடு அவர்களைப் பற்றிய பேச்சு நம் மேடைகளில் முடிந்துவிடுகிறது.

சட்டவே அப்போது கின்னஸ் மது ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தார். உலக சாதனைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட ஆள் தேடியவர்களுக்கு மக்வேர்ட்டர் இரட்டையர்களைக் காட்டிவிட்டவர் அவர்தான். அந்தக் கின்னஸ் புத்தகம் இன்று நம் பிள்ளைகளின் அலுமாரியில் இருக்கிறது. அந்த இரட்டையரில் ஒருவரான நொரிஸ்தான் இஃப்லி வீதியில் அன்று ஒலிபெருக்கியில் நேரத்தை அறிவித்தவர். ஓடுபாதையில் கிடைத்த பழக்கம் எங்கெல்லாம் போய் நிற்கிறது பாருங்கள்.

1955 செப்ரெம்பர் 22இல் பிரித்தானியாவில் தனியார் தொலைக்காட்சி தொடங்கியது. அன்று இரவு பத்து மணிக்கு, அந்தத் தொலைக்காட்சிக்குச் செய்தி தயாரித்த ஐடிஎன் நிறுவனத்தின் முதலாவது செய்தியறிக்கையை மக்களுக்கு வழங்கியவர் சட்டவே. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு வரைக்கும் பிபிசி தன் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரின் முகத்தைக்கூடக் காட்டியதில்லை. முகம் தெரிந்தால் பார்க்கிறவரின் கவனம் செய்தியில் இருந்து விலகிவிடும் என்று பயம். ஐடிஎன் அந்த முறையை மாற்றியது. செய்தியைச் சொல்பவருக்கு ஒரு பெயர் இருந்தது, முகம் இருந்தது, தான் சொல்லப்போகும் சொற்களை எழுதுவதில் பங்கும் இருந்தது. அந்த நிறுவனத்தின் முதல் ஆசிரியர் ஏய்டன் குரோலியும் ஒரு பழைய விளையாட்டுக்காரர்தான். கென்ட் அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர், நாடாளுமன்றத்திலும் இருந்தவர்.

பிரபலமான முகம் என்பதால்தான் அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி, இருக்கட்டும். ஆனால் அடுத்த வருடமே அவர் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சிக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்து வாசிப்பதை விட்டுவிட்டு, வெளியே போய்ப் பார்த்து, கேள்வி கேட்டு, செய்தி கொண்டுவரும் வேலை. மூன்று வருடம் அதைச் செய்தார். பழைய புகழை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டலாம், மூன்று வருடம் ஓட்ட முடியாது.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

நான் 1989இல் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவன். அந்தச் சொல்லோடு முப்பது வருடத்துக்கு மேலாக வாழ்கிறேன். அகதிகளுக்கென்று உலகம் ஒரு ஆண்டை ஒதுக்கியிருந்தது என்பதும், அது எங்கிருந்து தொடங்கியது என்பதும் எனக்கு வெகு காலம் தெரியாது. 1958 வசந்த காலத்தில், ஒரு சிறிய அரசியல் சஞ்சிகையில் நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து பதின்மூன்று வருடமாகியும் ஐரோப்பிய முகாம்களில் மனிதர்கள் அடைந்து கிடக்கிறார்கள், உலக நாடுகள் எல்லாம் ஒரு வருடத்தை ஒதுக்கி இவர்களுக்கு வழி செய்யவேண்டும் என்பது கட்டுரையின் சாரம். திமொத்தி ரெய்சன், கொலின் ஜோன்ஸ், ட்ரெவர் ஃபில்பொட், நான்காவது ஆள் சட்டவே. அந்த வருட டிசெம்பரிலேயே ஐ.நா. பொதுச்சபை அதைத் தீர்மானமாக நிறைவேற்றியது. 1959 ஜூனில் உலக அகதிகள் ஆண்டு தொடங்கியது. காசநோய்க்காரர், வயதானவர், உடல் குறைபாடு உள்ளவர் என்று அதுவரை எந்த நாடும் எடுக்க மறுத்தவர்களைச் சில நாடுகள் அப்போது ஏற்றுக்கொண்டன. 1960இல் அந்த நான்கு பேருக்கும், அகதிகளுக்காக உழைத்தவர்களுக்கு வழங்கும் நான்சென் பதக்கத்தைக் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டோடு அகதிகள் இல்லாமல் போகவில்லை. நாம் இங்கே இருப்பதே அதற்குச் சாட்சி. ஆனாலும் ஒரு கட்டுரையால் ஒரு முகாமின் கதவு திறந்தது என்பதை நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். 5000 மீற்றர் ஓட்டத்தில் உலக சாதனை வைத்திருந்த ஒருவர் அதை எழுதினவர்களில் ஒருவர். அவர் வென்ற கிண்ணங்களைவிட எனக்கு இந்தக் கட்டுரை பெரிது.

அதே 1958இல் அவர் லண்டன் கவுன்டி கவுன்சிலுக்கும் தெரிவானார். நாடாளுமன்றத்துக்குப் போக முன்பே உள்ளூராட்சியில் உட்கார்ந்தவர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். எம்.பி. ஆன புதிதில் பேசிய முதற் பேச்சிலேயே தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார். 1966இல் லூயிஷம் அவரைத் தோற்கடித்தது. தோற்றவர் வீட்டில் இருக்கவில்லை, திரும்பவும் உள்ளூராட்சிக்கே வந்தார். 1967இல் உள் லண்டன் கல்வி அதிகாரசபையின் தலைமை அவர் கைக்கு வந்தது. நகரத்தின் நடுப்பகுதிப் பாடசாலைகள் அத்தனைக்கும் பொறுப்பு. ஆசிரியர் நியமனம், கட்டடம், பாடசாலை அனுமதி என்று தலைப்புச் செய்திக்கு வராத வேலை. நான் முன்பு சொன்ன மூன்றாம் சுற்று இதுதான்.

பிறகு சிச்செஸ்டர் தொகுதியில் இருந்து மீண்டும் நாடாளுமன்றம், 1970 முதல் அமைச்சர் பதவி. தனியார் வானொலிக்கு வழி திறந்த 1972ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய அமைச்சில் இருந்து வந்தது. 1974இல் அரசியலை விட்டார், 2014 ஜனவரியில் காலமானார். அவர் பழமைவாதக் கட்சிக்காரர். அந்தக் கட்சியின் பல கொள்கைகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே கட்சியைப் பற்றி நான் பேசவில்லை.

பிரஷரையும் மறக்கக்கூடாது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் தடைதாண்டும் 3000 மீற்றரில் தங்கம் வென்றவர். பிறகு ஒப்சேவர் பத்திரிகைக்காரர். 1979இல் நியூயோர்க் மரதனில் ஓடிவிட்டு வந்து, இப்படி ஒன்றை லண்டனில் நடத்த முடியாதா என்று தன் பத்திரிகையில் எழுதினார். எழுதியதோடு விடாமல், ஜோன் டிஸ்லியோடு சேர்ந்து கவுன்சில், காவல்துறை என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார். 1981 மார்ச் 29இல் முதலாவது லண்டன் மரதன் நடந்தது. ஒவ்வொரு சித்திரை மாதமும் பிளக்ஹீத் பக்கம் போய் நின்று நாம் தண்ணீர் போத்தல் நீட்டுகிறோமே, அந்த ஓட்டம் ஒரு பழைய ஓட்டக்காரரின் எழுத்தில் இருந்து பிறந்தது.

இப்போது நம்மிடம் வருகிறேன்.

நமக்குள்ளே ஒரு பிள்ளை இருந்தாள். 800 மீற்றர். எந்தக் கழகம் என்று சொல்லமாட்டேன். ஐந்து வருடம் அவளை வெல்ல ஆளில்லை. 24 வயதில் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓடமுடியாமல் போனது. அடுத்த வருடம் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு வந்து, ஆண்டு மலருக்குப் போட்டிகளைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று கேட்டாள். யார் எந்த நேரத்தில் ஓடினார்கள், எந்தப் பிள்ளை எப்படி முன்னேறியிருக்கிறது, எங்கே பயிற்சி போதவில்லை என்று எழுத விரும்பினாள். “தங்கச்சி, மலரில விருந்தினர் படத்துக்கே இடம் காணாது. நீங்கள் சிற்றுண்டிப் பக்கத்தை ஒருக்காப் பாருங்கோவன்” என்று பதில் வந்தது. அவள் சரி என்று போய்விட்டாள். அந்த அறையில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

அந்தக் கோடையில் நாம் வாடகைக்கு எடுத்த மைதானத்தில் மலசலகூடம் பூட்டிக் கிடந்தது. ஓடுபாதையின் நான்காவது கோட்டில் மேற்பரப்பு கிழிந்து கிளம்பியிருந்தது. ஒரு சின்னப் பிள்ளை அதில் தடக்கி விழுந்து பல் உடைந்தது. நாம் தேநீர்க் கோப்பையோடு நின்று கவுன்சிலைத் திட்டினோம். திட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். அவள் மட்டும் இரண்டு பக்கக் கடிதம் எழுதினாள். பிள்ளை விழுந்த இடத்தின் படம், வாடகைப் பற்றுச்சீட்டின் பிரதி, போட்ட திகதி எல்லாம் வைத்து அனுப்பினாள். பதில் வரவில்லை. பிறகு கவுன்சில் கூட்டத்துக்கே போய், பொதுமக்கள் கேள்வி நேரத்தில் எழுந்து நின்று கேட்டாள். தனியே போனாள். அடுத்த கோடைக்கு மலசலகூடம் திறந்திருந்தது. ஓடுபாதை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இந்தப் பிள்ளையை நாம் சிற்றுண்டி மேசைக்கு அனுப்பினோம்.

நமது விளையாட்டுக்கு வேண்டிய எல்லாம் உள்ளூராட்சியின் கையில்தான் இருக்கிறது. பூங்கா, மைதானம், நீச்சல் தடாகம், வாடகை, விளக்கு எல்லாம் கவுன்சில் முடிவு. ஓடுபாதையின் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று பத்து வருடம் அதில் ஓடினவருக்குத் தெரியும். பிரதம விருந்தினருக்குத் தெரியாது. கவுன்சிலர் ஆவதற்குப் பெரிய பணமும் தேவையில்லை. 18 வயது நிரம்பியிருக்கவேண்டும், குடியிருப்பு அல்லது தொழில் அந்த இடத்தோடு தொடர்பாக இருக்கவேண்டும். நாடாளுமன்றத் தேர்தலைப்போலக் கட்டுப்பணம் கிடையாது. பிரித்தானியக் குடியுரிமை எடுக்காவிட்டாலும், இங்கே காலவரையறையின்றித் தங்குவதற்கு அனுமதியுள்ள பொதுநலவாய நாட்டவர் போட்டியிடலாம். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? உங்கள் ஒலிபெருக்கியில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா?

நமது பிள்ளைகளில் கவுன்சிலர்கள் வந்துவிட்டார்கள். ஸ்ட்ரட்ஃபோர்ட் - போ தொகுதியில் இருந்து உமா குமரன் 2024இல் நாடாளுமன்றத்துக்கே போயிருக்கிறார். பெருமைதான். ஆனால் ஓடுபாதையில் இருந்து யார் போகிறார்கள் என்பதே என் கேள்வி. படிப்பில் முன்னுக்கு நிற்கும் பிள்ளையை வைத்தியராக்கவும் சட்டத்தரணியாக்கவும் நம்மிடம் வழி இருக்கிறது, பேச்சுப்போட்டியில் வெல்லும் பிள்ளைக்கும் மேடை இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பிக் குளிரில் ஓடப் பழகின பிள்ளையிடம் இருக்கும் விடாப்பிடியை என்ன செய்வதென்று நமக்குத் தெரியவில்லை.

என்னுடைய கோரிக்கை பெரிதில்லை. இந்த வருட மலரில் விருந்தினர் படங்களைப் பாதியாகக் குறையுங்கள். மிஞ்சும் பக்கங்களை முன்னாள் ஓட்டக்காரர்களுக்குக் கொடுங்கள். தமிழில் வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதட்டும், உள்ளதை உள்ளபடி எழுதட்டும், கழகத்தைக் குறை சொல்லி எழுதினாலும் வெட்டாமல் போடுங்கள். அது வெட்டப்பட்டால் அவர்கள் திரும்ப எழுத மாட்டார்கள். நிர்வாகக் குழுவில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாக்குரிமையோடு இடம் கொடுங்கள். பெயருக்கு ‘இளையோர் பிரிவு’ என்று ஒன்றை வைத்து, கதிரை தூக்க மட்டும் கூப்பிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. கவுன்சில் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. போய் உட்கார்ந்து பார்க்க எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. எங்கள் லூயிஷம் கவுன்சில் கட்ஃபோர்டில்தான் கூடுகிறது. பழைய ஓட்டக்காரர்கள் பயிற்சிக்குப் போகும் லேடிவெல் ஓடுபாதையில் இருந்து நடந்தே போகலாம். அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். அந்த 800 மீற்றர்ப் பிள்ளையிடமும் கேட்டேன், வருகிறேன் என்றாள். கேள்வியை எப்படி முன்கூட்டியே எழுதி அனுப்புவது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் சம்மதித்திருக்கிறாள். இந்த முறை அவள் தனியே போகக்கூடாது. ஒவ்வொரு கழகமும் தன் பழைய வீரர்களில் இரண்டு பேரையாவது அனுப்பிவையுங்கள். கூட்டம் மாலையில்தான், முடிந்த பிறகு தேநீர் என் வீட்டில்.

அன்புடன்,
லூயிஷமில் இருந்து,
ஒரு காலத்தில் 400 மீற்றர் ஓடிய உங்கள் சகோதரன்